மந்திரிக்காத வீடு

1

எங்கள் அந்தோனியார் சிலைக்கு அடியில் ஒரு சாவி இருந்தது.

சுவிஸில், பேர்ன் நகரத்தில் நாங்கள் இருக்கிற வாடகை வீட்டின் அலுமாரிக்கு மேல் அந்தச் சிலை நிற்கிறது. கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து சேலையில் சுற்றிக் கொண்டு வந்தது. அடிப்பக்கம் குழிவானது. அதே கொழும்பில், வெள்ளவத்தையில் நாங்கள் வாங்கிய தொடர்மாடி வீட்டின் சாவியை அந்தக் குழிக்குள் வைத்திருந்தேன். தூசி துடைக்கச் சிலையைத் தூக்கினால் சாவி கிணுங்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். வேறு யாரிடமும் சாவி கிடையாது. கொழும்பிலேயே இருக்கிற என் சொந்தத் தங்கச்சி ஸ்டெல்லாவிடமும் கொடுக்கவில்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனால் எழுதி வைத்தால் நெஞ்சுப் படபடப்புக் குறையும் என்று மகள் ஷரன் சொன்னாள். அவள் அதையும் ஜெர்மனில்தான் சொன்னாள். இதை அவளால் வாசிக்க முடியாது. உங்களால் முடியும் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். அன்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டு நிற்கும்போது ஸ்டெல்லா அழைத்தாள். விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்றுவிட்டு மத்தியானம் கண்ணயர்கிறவள் அந்த நேரத்தில் சும்மா அழைக்கமாட்டாள். யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"அக்கா, உன்ட வீட்டில எங்கயோ பைப் வெடிச்சிருக்கு. கீழ் வீட்டு டீச்சர்ட சீலிங்கால தண்ணி ஊத்துது. செக்யூரிட்டி பூட்ட உடைக்கட்டா எண்டு கேக்கிறான்."

"உடைக்கக் கூடாது! நான் வாறன்."

"சுவிஸ்ல இருந்தா?"

"ஓம்."

"நீ வந்து சேருமட்டும் தண்ணி உன்னைப் பாத்துக்கொண்டு நிக்குமா?"

அன்றிரவே பயணச்சீட்டு எடுத்தோம். கணவர் சேவியர் கணினியில் என் பெயரை அடித்துக்கொண்டே சொன்னார்: "பைப்புக்கு வொஷர் மாத்த பிளேன் ஏறிப் போற முதல் ஆள் நீயாத்தான் இருப்பாய்."

2

பூட்டை ஏன் உடைக்கவிடவில்லை என்று சொல்ல வேண்டும்.

புது வீட்டுக்கு ஃபாதர் வந்து, செபம் சொல்லி, தீர்த்தம் தெளிப்பதை எங்கள் பக்கத்தில் வீடு மந்திரிக்கிறது என்போம். மந்திரித்து, வீட்டுக்காரி தன் கையால் முதல் பால் காய்ச்சின பிறகுதான் குடிபோவது. அந்த நாளில் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சேவியருக்கு லீவு கிடைத்தால் ஷரனுக்குக் கிடைக்காது. இரண்டு பேருக்கும் கிடைத்தால் மகன் ஜூட்டுக்குத் தொழிற்பயிற்சிப் பரீட்சை. பிறகு ஒருநாள் ஜூட் சாப்பாட்டு மேசையில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டான்: "அம்மா, அது உங்கட வீடு. நான் அங்க இருக்கப் போறதில்ல. என்னத்துக்கு வரணும்?" கோபத்தோடு சொன்னதுமில்லை. உப்பை எடுத்துத் தா என்று கேட்கிற குரலில் சொன்னான்.

அப்படியே நாலு வருடம் வீடு பூட்டிக் கிடந்தது. வாடகைக்குக் கொடு என்று எல்லாரும் சொன்னார்கள். மந்திரிக்காத வீட்டில் அந்நியர் முதல் அடுப்பு மூட்டுவதா என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். வழக்கம் என்று சொன்னால் யாரும் மேலே பேசமாட்டார்கள்.

உண்மையில் அது வழக்கம் பாதி, பயம் பாதி. பயம் பாதிக்கு மேல் என்றும் சொல்லலாம்.

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். இங்கே தபால்பெட்டியில் அலுவலகங்கள் அனுப்புகிற, கண்ணாடி வைத்த கடித உறை கிடந்தால் என் கை குளிர்ந்துவிடும். ஒருமுறை பதிவுத் தபாலுக்கு வரச்சொல்லி ஒரு துண்டு கிடந்தது. எங்களை நாட்டை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்து, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரம்வரை எடுத்துப் பையில் அடுக்கிவிட்டேன். போய்ப் பார்த்தால், கழிவுப் பையைத் தவறான நாளில் வெளியே வைத்ததற்குக் கண்டனம். தொலைபேசியில் யாராவது பேசினால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதைக் காட்ட நம் ஆட்கள் 'ஓம், ஓம்' என்போமே, நான் அதையே ஜெர்மனில் 'யா, யா' என்று சொல்லப்போக, அதைச் சம்மதமாக எடுத்து வீட்டுக்கு இரண்டு புதுக் காப்புறுதிகள் வந்து சேர்ந்தன. சேவியர் அவற்றை நிறுத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தார். நான் தடுத்தேன். வந்தது வந்ததுதான், இருக்கட்டும், ஒரு பாதுகாப்புத்தானே என்றேன்.

இந்த வருடம் சேவியரின் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைக்கப் போவதாகக் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். யார் யார் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் சிலையை அடிக்கடி துடைக்கத் தொடங்கினேன். சேவியர் ஒருநாள், "வேலை போனால் வெள்ளவத்தை வீட்டை வித்துப்போட்டு நிம்மதியா இருப்பம்" என்றார். நான் அன்று அவரோடு கதைக்கவில்லை. அந்த வீடு போனால் எங்களுக்கு இந்த உலகத்தில் காலூன்ற ஒரு இடமும் இல்லை. பிள்ளைகள் கைவிட்டாலும், இந்த நாடு போ என்றாலும், அந்த வீடு இருக்கிறது. அப்படித்தான் நான் எனக்குள் சொல்லிச் சொல்லி நித்திரை கொண்டேன்.

3

வீடு ஆறாம் மாடியில். லிஃப்டிலிருந்து இறங்கியபோது என் வாசலில் ஸ்டெல்லாவும், காவலாளியும், கீழ் வீட்டுப் பத்மா டீச்சரும் நின்றார்கள். காவலாளி என்னைக் கண்டதும், "நோனா, வத்துர, வத்துர!" என்று சிங்களத்தில் தண்ணீரைச் சொல்லிக் காலைக் காட்டினான். அவன் சப்பாத்து நனைந்திருந்தது. எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் போகிற குழாயை நிறுத்துவதும் திறப்பதுமாக மூன்று நாட்களை ஓட்டியிருக்கிறார்கள். மற்றக் குடும்பங்கள் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துச் சமைத்திருக்கின்றன. எல்லாம் என் சாவி வரும்வரைக்கும்.

கடற்காற்றில் பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. சாவி பாதியில் நின்றது. காவலாளி தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து விட்டான். கதவு திறந்தது.

"நீ போ முதல்ல" என்று ஸ்டெல்லா சுவரோடு ஒதுங்கினாள். "வலது காலை வை. பிறகு நான் முதல் மிதிச்சன் எண்டு என்ட தலையில போடாத."

வலது காலை வைத்தேன். கணுக்கால்வரை தண்ணீர்.

குளியலறையில் கை கழுவுகிற தொட்டிக்குப் போகிற குழாய் ஒன்று வெடித்திருந்தது. நாலு வருடம் யாரும் திறந்து மூடாத குழாய். வாசல் நடையும் குளியலறையை ஒட்டிய அறையும் முழுக்கக் குளம். ஒரு படி உயரத்தில் இருந்ததால் மற்ற இரண்டு அறைகளும், ஹோலும் காய்ந்தபடி இருந்தன. ஆனால் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவின் உள்ளே பூஞ்சணம் பிடித்திருந்தது. பல்கனிக் கம்பி துருவாய் உதிர்ந்தது. என் நினைவில் இருந்த வீடு வெள்ளையாய், பளபளவென்று இருந்தது. நான் பேர்னில் சிலையைத் துடைத்துக்கொண்டு இருந்த காலமெல்லாம் கடல் இதைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அக்காவும் தங்கையும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரை வாரினோம். பிறகு கீழே போனேன்.

பத்மா டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. ஓய்வுபெற்றவர். கணவர் சிவம் ஐயா பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் இருக்கிறார். அவருடைய அறைக்கு மேலேதான் என் குளம். கட்டிலை ஹோலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அறைக்குள் சீலிங் பூச்சு விரிசல்விட்டுத் தொங்கியது. கீழே வைத்த சட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

என்னை ஏசப்போகிறார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லது.

"பிள்ளை, நான் சண்டைக்கு வரேல்ல" என்றார். "இதைக் கொத்தி, பூசி, காயவைச்சுப் பெயின்ட் அடிக்க வேணுமாம். அந்தத் தூசியும் மணமும் இவருக்கு ஆகாது. சளி கட்டினால் நெஞ்சில இறங்கிவிடும். அதுதான் யோசிச்சுக்கொண்டு நிக்கிறன், இவரை எங்க கொண்டுபோறதெண்டு."

நான் வாயைத் திறக்குமுன் ஸ்டெல்லா திறந்துவிட்டாள். "மேல ரெண்டு அறை காஞ்சுதானே கிடக்கு டீச்சர்? அங்க கொண்டுபோய்ப் படுக்க வைப்பம்."

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள், "என்னத்துக்குக் கிள்ளுற?" என்று சத்தமாகவே கேட்டாள்.

டீச்சருக்கு விளங்கிவிட்டது. "வேண்டாம் பிள்ளை, அது இன்னும் உங்கட ஆக்கள் குடிபூராத வீடு" என்று சொல்லிவிட்டு, சட்டியில் நிறைந்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனார்.

4

நான் ஸ்டெல்லாவின் வீட்டில்தான் தங்கினேன். நாங்கள் பிறந்த அதே சந்து, கொட்டாஞ்சேனையில். இரவு முழுவதும் அவளுக்கு விளக்கம் சொன்னேன். ஏறினவர்கள் இறங்கமாட்டோம் என்றால்? கோடு கச்சேரி என்று யார் திரிவது? நான் சுவிஸில் இருந்துகொண்டு வழக்குக்கு வர முடியுமா?

"அந்தக் கிழவன் உன்ட வீட்டைப் பிடிக்கிறதுக்கு எழும்பி ஓடி வரப்போறார், என்ன?" என்றாள் ஸ்டெல்லா.

அவள் வீடு ஒரு அறையும் ஒரு குசினியும். நாங்கள் பிறந்தபோதும் அவ்வளவுதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். முதுகு போன பிறகு அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அப்போதுதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தேயிலைப் பொதி கட்டுகிற இடத்துக்குப் போனேன். அந்த நாட்களிலும் வருடம் தவறாமல் ஃபாதர் எங்கள் சந்துக்கு வந்து வீடு வீடாக மந்திரிப்பார். அம்மா சீமெந்துத் தரையைத் தேய்த்துக் கழுவி, ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி கொளுத்தி வைப்பார். ஃபாதர் உள்ளே வந்தால் எங்களில் இரண்டு பேர் வெளியே போய் நிற்க வேண்டும், இடமில்லை. தீர்த்தம் தெளிக்கும்போது மண்ணெண்ணெய் அடுப்பில் பட்டுச் சுர்ரென்று சத்தம் வரும். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முழந்தாளில் இருப்போம்.

அந்த அறை எங்களுக்குச் சொந்தமில்லை. அடுத்த மாதம் இருப்போமா என்றுகூடத் தெரியாது. ஆனால் வருடா வருடம் மந்திரித்தார்கள். எனக்குச் சொந்தமான வீடு ஒன்று கிடைத்து நாலு வருடம், ஒரு சொட்டுத் தீர்த்தம் அதற்குள் விழவில்லை. இதை அங்கே படுத்திருக்கும்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

5

எப்படியும் வந்த கையோடு மந்திரித்துவிட்டுப் போவோம் என்று வெள்ளவத்தைக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பிள்ளை பங்குக் குடும்ப அட்டை கேட்டாள். எங்கள் பங்கு பேர்னில் என்றேன். அப்படியென்றால் அங்கேயிருந்து கடிதம் வேண்டும் என்றாள். எனக்குக் கை குளிரத் தொடங்கியபோது, மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தைக் கையில் வைத்தபடி ஒரு இளம் ஃபாதர் உள்ளே வந்தார். நான் அவரிடம் சொன்னேன்.

"வீட்டில எத்தன பேர்?" என்று கேட்டார்.

"இப்ப ஒருத்தரும் இல்ல ஃபாதர். பூட்டித்தான் இருக்கு."

"மந்திரிச்ச பிறகு ஆர் இருக்கப்போறாங்க?"

"மந்திரிச்ச பிறகும் பூட்டித்தான் வைக்கிறது."

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப ஆருக்குச் செபிக்கிறது? இந்தப் புத்தகத்தில எல்லாம் 'இங்கு வாழ்கிறவர்கள்' எண்டுதானே வருது." பகிடியாகச் சொன்னாரா, மெய்யாகவே கேட்டாரா தெரியவில்லை. "சரி, சனிக்கிழமை பின்னேரம் வாறன். நீங்களாவது நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

6

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போனோம். செவ்வாய் என்றால் அந்தோனியார் கோவிலில் எள் போட்டால் விழாத கூட்டம், உங்களுக்குத் தெரியும். சைவக்காரர், சிங்களவர், முக்காடு போட்ட பெண்கள், எல்லாரும். வாசலில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பைக்குள் சாவி இருந்தது. வேறு ஒருவர் கை அதில் படப்போகிறதே என்று பதறி, அதை முன்னமே எடுத்து என் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். அப்படியே உள்ளே போனேன்.

சிலைக்கு முன்னால் முழந்தாளிட்டேன். வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்லத் தொடங்கினேன். வீட்டைக் காப்பாற்றும், கள்ளர் வராமல் காப்பாற்றும், விலை இறங்காமல் காப்பாற்றும்.

"கையைக் கூப்பன்" என்றாள் பக்கத்தில் ஸ்டெல்லா.

கூப்ப முடியவில்லை. ஒரு கை பொத்தியிருந்தது. மற்றக் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். பல் பல்லாகச் சாவி குத்தியது.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "அடி கடவுளே. அந்தோனியாரைக் கும்பிட வந்தியா, சாவியைக் கும்பிட வந்தியா?"

பின்னால் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது சரி. இவ்வளவு காலமும் நான் அந்தோனியாரிடம் கேட்டதெல்லாம் அந்த வீட்டைக் காப்பாற்றச் சொல்லித்தான். என்னைக் காப்பாற்றச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வேலையை வீட்டிடம் கொடுத்திருந்தேன். கடவுளை அதற்குக் காவலாளியாக வைத்திருந்தேன், சிலையை ஒரு மூடியாக வைத்திருந்தேன்.

"இந்தா, பிடி" என்று சாவியை ஸ்டெல்லாவிடம் நீட்டினேன்.

"நானா? பிறகு தேய்ஞ்சுபோச்சு எண்டு சொல்லமாட்டியே?"

வாங்கிக்கொண்டாள். நான் இரண்டு கையையும் கூப்பினேன். கூப்பினால் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டை எடுத்துவிட்டால் என் செபத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை.  பிறகு, ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் வந்தது. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சேவியரிடம் வீட்டைப் பற்றிச் சண்டை பிடித்திருக்கிறேன், பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னதில்லை.

வெளியே வந்து பஸ்ஸில் ஏறினதும் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "டீச்சரிட்டச் சாவியைக் குடு. ஐயாவை மேல கொண்டுபோகட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். சாவியைச் சேலை முந்தானையில் இறுக்கி முடிந்தாள். 

கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள், சாவி பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்டேன். பம்பலப்பிட்டியில், யோசித்துப் பார்த்தால் வேறு வழியும் இருக்கலாம் என்றேன். "இறங்கிற இடம் வருது, வாயை மூடிக்கொண்டு எழும்பு" என்றாள்.

7

ஐயாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, காவலாளியும் சீலிங் பூச வந்த மேசன் பாஸும் லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கடல் பக்க அறையில் கட்டிலைப் போட்டோம். டீச்சர் ஐயாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, குசினி வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"பிள்ளை, இவருக்கு இந்த நேரம் கொஞ்சம் பால் குடுக்கிறது வழக்கம். ஸ்டெல்லா சொன்னவ, முதல் பால் நீங்கள்தான் காய்ச்ச வேணுமெண்டு. நான் கீழ போய்க் காய்ச்சிக்கொண்டு வரட்டோ?"

கீழே பாஸ் சீலிங்கைக் கொத்துகிற சத்தம் கேட்டது. அங்கே அடுப்பெல்லாம் தூசி. என் குசினித் தட்டில் முதல் பாலுக்கென்று வாங்கின சட்டி இருந்தது, கடை ஒட்டுத்துண்டுகூடக் கிழிக்காமல். அதை எடுத்துக் கழுவி அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்களே காய்ச்சுங்க டீச்சர்."

கொடுத்துவிட்டு நெஞ்சு அடித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அடித்தது. டீச்சர் ஐயாவின் குரலுக்கு ஓடிப்போக, பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் துணியைத் தேடினேன். டீச்சருக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "பொங்கிப்போட்டுது பிள்ளை! நல்ல சகுனம்!" ஐயாவுக்குக் கரண்டியால் ஊட்டினார். கோணின வாயின் ஓரத்தால் பாதி வழிந்தது. அவர் கடலைப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

சனிக்கிழமை ஃபாதர் வந்தார். ஆளில்லா வீட்டை எதிர்பார்த்து வந்தவர், கட்டிலைக் கண்டு வாசலில் நின்றார். பிறகு அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். ஸ்டெல்லா தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அதற்குள் சேவியரும் பிள்ளைகளும். ஷரன் மறக்காமல் சிலுவை அடையாளம் போட்டாள். ஜூட் எதையோ மென்றுகொண்டு, "ஆர் அந்த ஐயா? எங்கட சொந்தமா?" என்று கேட்டான். "ஓம்" என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள்.

கட்டிலருகே வந்ததும் ஃபாதர் டீச்சரிடம் கேட்டார். "அம்மா, ஐயாவுக்கும் செபிக்கலாமா?"

"தாராளமாச் செய்யுங்கோ. ஆருடைய சாமியெண்டாலும் இவர் எழும்பினால் போதும்."

ஃபாதர் ஐயாவின் திருநீற்று நெற்றியில் கையை வைத்தார். நான் முழந்தாளிட்டிருந்தேன். இங்கு வாழ்கிறவர்கள் என்ற இடம் வந்தபோது, அவர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

8

பேர்னுக்குத் திரும்பி வந்து ஒரு மாதமாகிறது. கொழும்பில் மழையாம், பூச்சு இன்னும் காயவில்லையாம். டீச்சரும் ஐயாவும் மேலேயே இருக்கிறார்கள். சாவி டீச்சரிடம். சேவியரின் தொழிற்சாலையிலிருந்து இன்னும் ஒரு பதிலும் இல்லை. நேற்றுச் சாப்பிடும்போது, "விக்க வேண்டி வந்தால் விப்பம், என்ன?" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. தபால்பெட்டியைத் திறக்கும்போது கை இன்னும் குளிர்கிறது. ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. முந்தி பயம் வந்தால் அந்த வீட்டை நினைப்பேன். நினைத்ததும் அந்த வீட்டுக்காகவும் பயப்பட வேண்டி வரும். இப்போது பயத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

இன்று காலை தூசி துடைக்க அந்தோனியாரைத் தூக்கினேன். பழக்கத்தில் மெல்ல ஆட்டிப் பார்த்தேன். சத்தமில்லை. நெஞ்சு ஒருமுறை திக்கென்றது. பிறகு ஞாபகம் வந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே வெறும் குழி, ஓரத்தில் சாவியின் துரு கொஞ்சம். அதையும் துடைத்துவிட்டுச் சிலையை இருந்த இடத்தில் வைத்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டு, வேலைக்குப் போனேன்.